துண்டுக்குள் பேசிய தரகர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். என்னிடமே விரல் வித்தை காட்டினார் ஒரு தரகர்.

மட்டாஞ்சேரிச் சந்தையில் மிளகு விலை பேசிப் பழகியவர். தொந்தி, மருதாணித் தாடி. கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துத்தான் தொகை சொல்வார். இடக்கொச்சி நிலத்தைக் குத்தகைக்கு விட அவரை அமர்த்தினேன். மறைவில் வாடகையைக் குறைத்து, எதிர்ப்பக்கமும் கமிஷன் வாங்கிவிடுவாரே! அதனால் பேச்செல்லாம் என் காதுபடத்தான் என்று பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

குத்தகைக்காரர் வந்ததும் இருவர் கைமேலும் துண்டு விழுந்தது.

“யோவ், பத்திரம் என்னாச்சு?” என்றேன்.

“வாய்ப்பேச்சுக்குத்தானே அம்மா அது? விரலைப் பத்தி ஒண்ணும் எழுதலையே!”

துண்டை உருவினேன். குத்தகைக்காரர் நெளிந்துகொண்டிருந்தார். “கூசுதும்மா. இந்தச் சேட்டன் என்ன சொல்றார்னே புரியல.”

வாடகையை நானே உரக்கச் சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார்.

தரகர் காதைப் பொத்திக்கொண்டார். “தொகையைப் போய் இப்படி ஊர் கேக்கச் சொல்றீங்களே அம்மா, மானம் போகுது!”

எழுதிக் கொடுத்ததை மீறக் கூசாதவர், இதற்குக் கூசினார். அது நடிப்பில்லை, முகம் சிவந்திருந்தது. அந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதி முடித்துப் பேரனிடம் நீட்டினேன். “கண்ணா, இதை ஒருதரம் வாசி. அந்த ஆளைப் புகழ்ந்த மாதிரி இருந்தா அந்த வரியை அடிச்சிடு.”