ஜாஸ்பின் சிஸ்டர் முடிக்காத சாட்சி

பயமே வராத ஒருவர், பயமுறுத்துவதற்கென்றே எடுக்கப்பட்ட படங்களை எதற்காகத் தேடித் தேடிப் பார்க்க வேண்டும்? திருத்தங்கலில் ஜாஸ்பின் சிஸ்டரை அறிந்தவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டியிருப்பார்கள். இனிப்பே பிடிக்காதவர் தினமும் மிட்டாய்க்கடையில் போய் உட்காருவதைப் போன்றது இது. விடை எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியால் ஒரு சபைத் தேர்தலே தடம் மாறியது. அதை மட்டும் சொல்ல முடியும்.

ஜாஸ்பின் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தீக்காயப் பிரிவு நர்ஸ். காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வருவார். தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, வாசற்கதவை விரியத் திறந்துபோட்டபடி பேய்ப்படம் பார்ப்பார். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போவாள். போனில் ஒருத்தி அலறிக்கொண்டிருப்பாள். ஜாஸ்பின் முள்ளெடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு பொழுதில் மட்டும் வீட்டில் யாரும் அவரை எதற்கும் கூப்பிடக் கூடாது. அது எழுதப்படாத சட்டம்.

படம் முடிந்ததும் கருத்து. ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்காக நர்சுகள் வைத்திருந்த வாட்ஸப் குழுவில், குரல்பதிவாக அது போய் விழும். ஷிப்ட் மாற்றுகிற பேச்சு அந்தக் குழுவில் நின்று வெகுகாலமாயிற்று.

மலிவு விலைக்குப் பங்களா வாங்கிக் குடியேறும் குடும்பத்தைப் பேய் படுத்தும் படத்துக்கு அவர் சொன்னது: “அம்புட்டுப் பெரிய வீட்ட இம்புட்டுக் காசுக்குத் தாரான். ஒரு வில்லங்கம் போட்டுப் பாக்கணும்னு அந்த ஆளுக்குத் தோணுச்சா? இவனுக்கெல்லாம் பேய் வரலன்னாதான் தப்பு.”

செத்தவர்கள் எழுந்துவந்து உயிரோடிருப்பவர்களைக் கடிக்கும் படத்துக்கு: “ஊரே கடி வாங்குது. ஒருத்தனாச்சும் கடிச்ச எடத்த சோப்புப் போட்டுக் கழுவுறானா? நாய்க்கடிக்கு வாரவுகளே இவுகளவிடத் தெளிவா இருக்காக.”

இளைஞர்கள் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒருவன் படம் முழுக்கக் கிணற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அதற்கு: “கிணறு பதில் பேசும் பேசும்னு நானும் உக்காந்திருந்தேன். பேசல. எங்க மாமனாரும் இப்படித்தான் செவத்தப் பாத்துப் பேசிக்கிட்டிருப்பாரு. அவர யாரும் கொண்டாடல.”

இதையெல்லாம் வைத்து அவரைப் பெரிய ரசிகை என்று நான் சொல்லிவிட மாட்டேன். பாதிப் படத்தில் தூங்கியிருக்கிறார். தூங்கிய படத்துக்கும் கருத்துச் சொல்லியிருக்கிறார். நல்ல படம் ஒன்றைக் கதாநாயகியின் ஜாக்கெட் தையல் சரியில்லை என்பதற்காகவே தள்ளிவைத்தார். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. தீயில் வெந்து செத்த பேய் ஒன்று, ஒரு கன்னம் கருகியும் மறு கன்னம் பவுடர் கலையாமலும் வந்து நின்றது. “ஒரு கன்னத்த மட்டும் பாத்துப் பிடிக்கிற தீய நான் இன்னும் பாக்கல” என்று சொல்லி அந்தப் பதிவை அத்தோடு நிறுத்திவிட்டார். வழக்கமாக அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர் அல்ல.

அவருடைய கணவர் சாலமன்ராஜ், காலண்டர் அச்சகத்தில் மேற்பார்வை பார்ப்பவர். சாதுவான மனிதர். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: சர்ச்சின் சபைக் கமிட்டிச் செயலாளர் பதவி. முந்தைய இரண்டு தேர்தலிலும் நின்று தோற்றவர். மூன்றாவது முறையாக நின்றபோது எதிரே நின்றவர் டென்னிஸ். பள்ளி ஆசிரியர். மச்சானுக்குப் பட்டாசுக் கடை இருந்தது. மச்சினிக்கு அந்த நர்சுகள் குழுவில் இடம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பிறகு, டென்னிஸ் எல்லோர் முன்னாலும் தன் போனில் ஜாஸ்பினின் குரலை ஓடவிட்டார். கிணற்றுப் படத்தின் கருத்து. சிலர் சிரித்துவிட்டுப் பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

“செயலாளரா நிக்கிறவரு வீட்டுலயே அசுத்த ஆவி பட்டப்பகல்ல ஓடுது. சபை இதக் கேக்க வேண்டாமா, ஐயா?” என்றார் டென்னிஸ்.

அதே வெள்ளிக்கிழமைகளில், அதே கூடத்தில், வெளியூர்ச் சகோதரர் ஒருவர் வந்து ஆளாளுக்குப் பேய் ஓட்டுவதுண்டு. பேய் உண்டு என்று நம்புகிறவர்கள் பேய்ப்படம் ஆகாது என்றார்கள். பேயே இல்லை என்று சொல்லும் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த எந்தத் தத்துவமும் இதற்கு வாய் திறந்ததில்லை.

போதகர் தேவாசீர்வாதம் சமாதானப் பிரியர். ஒரு வழி சொன்னார். தேர்தல் நாளன்று, ஆராதனை முடிந்து ஓட்டுப் போடுவதற்கு முன், ஜாஸ்பின் சபை முன் நின்று சாட்சி சொல்ல வேண்டும். இந்தப் படங்களை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதோடு எல்லாம் தீர்ந்தது.

சாலமன்ராஜ் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கெஞ்சினார்.

“ஒரே வார்த்ததான். ‘விட்டுட்டேன்’னு சொல்லிட்டு எறங்கிரு.”

“விடலையேங்க.”

“சொல்லிட்டு அப்புறமா பாத்துக்கயேன். நானா தடுக்கப் போறேன்?”

“பேய்ப்படம் பாத்தா ஒரு பாவம். பலிபீடத்துக்கிட்ட நின்னு பொய்யும் சொல்லிட்டுப் பேய்ப்படமும் பாத்தா ரெண்டு. கணக்கு ஏறுதா கொறையுதா, நீங்களே சொல்லுங்க.”

“எனக்காக…”

“மூணு தேர்தலுக்குப் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சிக் குடுத்தது யாரு? உங்களுக்காகத்தானே? கேட்டதெல்லாம் செஞ்சிருக்கேன். இது ஒண்ணுதாங்க என்னோடது.”

 அன்று ராத்திரி சாலமன்ராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. அதை ஜாஸ்பினும் பார்த்தார். மறுநாள், “சாட்சி சொல்றேன்னு ஐயாகிட்டச் சொல்லிருங்க” என்றார். என்ன சொல்வார் என்று அவரும் சொல்லவில்லை, சாலமன்ராஜும் கேட்கத் துணியவில்லை.

இங்கே ஓர் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிவகாசிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டு யாரும் அதிர மாட்டார்கள். ஆனால் சத்தத்தில் ஒரு ரகம் இருக்கிறது. ஆகாயத்தில் வெடிப்பது வியாபாரம். தரையோடு, தகரமும் சுவரும் சேர்ந்து எழும்புவது விபத்து. அந்த இரண்டாவது ரகம் காதில் விழுந்தால், தீக்காயப் பிரிவு நர்சுகள் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதில்லை. எங்கே இருந்தாலும், லீவில் இருந்தாலும், அப்படியே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எந்த ஆலை என்று விசாரிப்பது போகிற வழியில்தான். அதிலும் ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் மோசமானது. ஆலைகளுக்கு விடுமுறை என்பதால், யாரோ வீட்டில் வைத்து ரகசியமாக வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தேர்தல் ஞாயிறு வந்தது. சபைக் கோயிலின் பின்பக்கம் அசன விருந்துக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஜாஸ்பின் பட்டுச்சேலை கட்டி மைக்கின் முன் வந்து நின்றார்.

சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. எதை விட்டோம் என்பதற்கு முன், எதில் கிடந்தோம் என்பதை விவரிக்க வேண்டும். குடியை விட்டவர் முதலில் குடித்ததைச் சொல்வார். சபை எப்போதும் கவனமாகக் கேட்பதும் அந்தப் பகுதியைத்தான். ஜாஸ்பின் அந்த முறையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்.

“போன வாரம் ஒரு படம் பாத்தேன்” என்று தொடங்கினார். “மலைமேல ஒரு வீடு. புருசன் எறந்துபோன ஒரு பொம்பள, தனியா இருக்கா. தெனமும் சாயங்காலம் அடுப்படிப் பின்கதவ யாரோ தட்டுறாக. தெறந்து பாத்தா ஆளில்ல. ஆனா காலைல எந்திரிச்சா, ஒரு தட்டுல யாரோ சாப்பிட்டுக் கழுவி வச்சிருக்காக.”

“கழுவியா?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“கழுவி. அதனால அவளுக்கு மொதல்ல பயம் வரல. ‘நம்ம வீட்டு ஆம்பளயா இருக்காது’ன்னு நெனச்சுக்கிட்டா.”

சபை சிரித்தது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் அவரும் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். டென்னிஸ் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“சொந்தக்காரவுக வந்து அந்தக் கதவுக்குப் பலகை அடிச்சுப் பூட்டுறாக. ரெண்டு நாளு தட்டுற சத்தம் இல்ல. மூணாம் நாளு சாயங்காலம் அவ கூடத்துல, அடுப்படிக் கதவுக்கு வெளிய நிக்கிறா. தட்டுற சத்தம் கேக்குது. வெளிய இருந்து இல்ல. அடுப்படிக்கு உள்ள இருந்து. அவ மெதுவா தாப்பாள்ல கைய வைக்கிறா…”

அப்போது வெடித்தது.

கோயில் ஜன்னல்கள் அதிர்ந்தன. சபை ஒட்டுமொத்தமாக அலறியது. அலறாதவர்கள் ஐந்து பேர்தான். ஜாஸ்பின் மைக்கைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, நடுப்பாதையில் இறங்கி நடந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நான்கு நர்சுகள் ஒரு பேச்சும் இல்லாமல் எழுந்து அவர் பின்னால் போனார்கள். வாசலில் நின்ற ஆட்டோ அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

நடந்தது இதுதான். டென்னிஸின் வெற்றியைக் கொண்டாட அவர் மச்சான் கோயிலுக்குப் பின்னால் ஒரு பெட்டி பேன்சி வெடி கொண்டுவந்து இறக்கியிருந்தார். தேர்தலுக்கு முன்பே ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆசை. குழாய் சாய்ந்துவிட்டது. மேலே போக வேண்டியது சைக்கிள் ஷெட்டின் தகரத்தில் போய் வெடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சத்தம் அந்த இரண்டாவது ரகம்.

ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்தவர் வேல்விழி. ஐந்து பேரும் வந்து இறங்கியதைப் பார்த்து, “என்னக்கா, பட்டுச்சேலையோட?” என்றார்.

“சத்தம் கேக்கல?”

“இங்கன ஒண்ணும் கேக்கல. போனும் வரல.”

“வரும்” என்று சொல்லிவிட்டு ஜாஸ்பின் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டில் விரிப்புகளை மாற்றத் தொடங்கினார். ஐந்து பேருமாக டிரிப்ஸ் பாட்டில்களை மாட்டி, துணி, மருந்தெல்லாம் எடுத்துவைத்துக் காத்திருந்தார்கள்.

கோயிலில் கறி ஆறிவிடும் என்று தேர்தலை உடனே நடத்தினார்கள். சாலமன்ராஜ் மூன்று ஓட்டில் தோற்றார். அவருக்கு விழ வேண்டிய ஐந்து ஓட்டுகள் ஆஸ்பத்திரியில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தன. டென்னிஸின் மச்சான் மிச்சப் பெட்டியையும் கொளுத்தினார். இந்த முறை எல்லாம் ஒழுங்காக வானத்துக்குப் போயின.

அதைவிட வேடிக்கை, ஓட்டு எண்ணிய கையோடு நாலைந்து பேர் சாலமன்ராஜைச் சூழ்ந்துகொண்டு கேட்டது: “கதவுக்கு உள்ள யாரு அண்ணே?” அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. தோற்ற மனிதர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “அவளோட புருசன்தான்” என்றார். “ப்ச், இதானா” என்று கலைந்துபோனார்கள். ஒரே மத்தியானத்தில் அவர் இரண்டு முறை தோற்றார்.

சாயங்காலம் அசனச் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜாஸ்பின் காலிக் கட்டில் ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார்.

“வெடிச்சது டென்னிஸ் மச்சான் வெடி. ஷெட்டுத் தகரத்துல அடிச்சிருச்சு. நான் தோத்துட்டேன்.”

“ஆருக்கும் ஒண்ணும் இல்லையே?”

“இல்ல. நான் தோத்துட்டேன்னு சொல்றேன்.”

“கேட்டுச்சுங்க. ஆருக்கும் ஒண்ணும் இல்லைல்ல?”

விரித்துவைத்திருந்த கட்டில்களைச் சாலமன்ராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து, “எலும்பாப் பாத்து வாங்கியாந்திருக்கேன்” என்றார்.

அதன்பின் அந்தச் சாட்சியை முடிக்கச் சொல்லி போதகர் கேட்கவில்லை. பேய்ப்படம் பாவமா என்ற கேள்வியையும் யாரும் எழுப்பவில்லை. பதவி கிடைத்ததும் டென்னிஸுக்கு அசுத்த ஆவிகள் மேல் இருந்த அக்கறை போய்விட்டது. அவரே ஒருநாள் அச்சகத்துப் பக்கம் வந்து, “சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். உள்ள இருந்தது புருசன் இல்லைல்ல?” என்று சாலமன்ராஜிடம் விசாரித்தார். ஜாஸ்பின் இனி என்ன பார்த்தாலும் கேட்க நாதியில்லை. சாலமன்ராஜே புதுப் படம் வந்தால் மனைவிக்குச் செய்தி சொல்லத் தொடங்கினார். ஜாஸ்பினுக்கென்று மட்டும் இருந்த ஒன்று அப்படி எல்லோருடையதும் ஆயிற்று.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கழிந்து, பேய்ப்படம் ஒன்று பார்க்க நர்சுகள் எல்லோரும் சேர்ந்து விருதுநகருக்குப் போனார்கள். டிக்கெட் வாங்கியது ஜாஸ்பின்தான். எல்லோருக்கும் வாங்கிக் கையில் கொடுத்து, வரிசையாக உள்ளே அனுப்பினார். தனக்கு வாங்கவில்லை.

“அக்கா, நீங்க?” என்றார் வேல்விழி.

“நீங்க பாருங்க. நான் இங்கன இருக்கேன்.”

“எதுக்குக்கா?”

“படம் போட்டுருவான். போ.”

இடைவேளையில் வெளியே வந்தபோது, கேன்டீன் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார். படம் விட்டதும் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, “சொல்லுங்க, பேய் எப்பிடி?” என்று கேட்டார். ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு மத்தியானங்களில் போன் செம்பின்மேல் சாயவில்லை. கருவாட்டுக் குழம்பு இருந்தது, வாசற்கதவு திறந்திருந்தது, தெருவில் போகிறவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள், அவரும் பதில் சொன்னார்.