ஒரே நம்பரில் இரண்டு லைப்ரரி

1. சைரன் நின்றது

பையை மேஜையில் வைக்கக்கூட இல்லை, போன் அடித்தது. துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஒரு ஐஸ் பிளான்ட்டின் சூப்பர்வைசர் குமார். எப்போதும் "சாப்ட்டீங்களா மேடம்" என்று ஆரம்பிக்கிற மனுஷன். அன்று அவருக்குப் பேச்சே வரவில்லை, மூச்சு வாங்கியது.

"மேடம், உங்க பெட்டி கத்திச்சு. எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம். கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. கேஸ் போயிடுச்சுன்னு வால்வ மூட ஏழுமல உள்ள போனான். போகவே இல்ல மேடம் கேஸு, அப்படியே இருந்துருக்குது. தூக்கியாந்து ஆஸ்பத்திரில போட்டிருக்கோம். கண்ணு, தொண்ட எல்லாம் வெந்துபோச்சு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற இளையவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஐஸ் பிளான்ட்டில் குளிர்ச்சிக்காகக் குழாயில் அமோனியா ஓடும். பெரிதாகக் கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். லேசான நெடி அங்கே எப்போதும் இருப்பதால் வேலை செய்கிறவர்களின் மூக்கு பழகிப் போயிருக்கும், அதை நம்ப முடியாது. அதனால்தான் கம்ப்ரெஸர் ரூமில் எங்கள் அலாரம் பெட்டி. ஒரு சென்ஸார், ஒரு சின்ன கம்ப்யூட்டர், மேலே ஒரு சைரன். தட்டாஞ்சாவடியில் பெட்டியைக் கோர்ப்பார்கள். ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்து நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுவோம். ரிலீஸ் என் பொறுப்பு. அதாவது, எல்லாரும் எழுதியதைச் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே புரோகிராமாக பில்ட் செய்து பெட்டியில் ஏற்றக் கொடுப்பது.

பெட்டியை மாட்டிய கையோடு எங்கள் ஆட்களே தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுப்பார்கள். "கத்துனா வெளிய ஓடுங்க. நின்னா உள்ள வாங்க." இதற்கு மேல் சொன்னால் மண்டையில் ஏறாது என்பது எங்கள் முதலாளி பாஸ்கர் சாரின் தீர்மானம். கம்ப்ரெஸர் ஆபரேட்டர் ஏழுமலையின் மண்டையில் அது நன்றாகவே ஏறியிருந்தது. கத்தியதும் ஓடினார். நின்றதும் உள்ளே போனார்.

2. "அப்ப சரி"

பாஸ்கர் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்பார் என நினைத்தேன்.

"மாஸ்க் போட்டிருந்தானா?"

"இல்லையாம் சார். சைரன் நின்னுட்டதால..."

"அப்ப சரி. சென்ஸார் பழசாகி இருக்கும். மாஸ்க் போடாம உள்ள போனது அவன் தப்பு. நாம எதுவும் பேச வேணாம், புவனா."

அவர் 'அப்ப சரி' என்று சொன்ன விதத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐஸ் பிளான்ட் முதலாளிக்கும் இந்தக் கதை வசதியாக இருந்தது. அன்று மாலைக்குள் துறைமுகம் முழுக்க ஒரே பேச்சு, ஏழுமலை அவசரக்காரன், முந்திரிக்கொட்டை மாதிரி உள்ளே போய் மாட்டிக்கொண்டான் என்று. காலையில் என்னிடம் போனில் கதறிய குமாரே மறுநாள் மாற்றிப் பேசினார். "சைரன் முழுசா நின்னுச்சான்னு சரியா தெரியல மேடம், ஒரே கலாட்டா." அவருக்கும் வேலை வேண்டுமே.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலைக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. பக்கத்தில் அவர் மனைவி சாந்தி. அலாரம் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் ஏழுமலை கையைத் தூக்கி என்னைத் தேடினார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"நின்னுச்சு இல்ல மேடம்? நின்னப்புறந்தான் போனேன். எல்லாரும் இல்லங்குறாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது."

"பேசாதய்யா, டாக்டர் பேசக்கூடாதுன்னாரு இல்ல" என்றார் சாந்தி. என்னைப் பார்த்து, "இதையேதான் ராத்திரி பகலா கேட்டுகிட்டு இருக்காரு மேடம்" என்றார்.

உடம்பு அந்த நிலையில் இருக்கும்போது ஒரு மனிதருக்கு அதுதான் கவலையாக இருந்தது. கண் வருமா என்றுகூடக் கேட்கவில்லை. பார்த்துவிட்டு நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

3. ஒரே பெயர், ஒரே நம்பர்

ஆபீசில் பழைய பெட்டி ஒன்று ரிப்பேருக்கு வந்து கிடந்தது. ஐஸ் பிளான்ட்டில் இருப்பது இந்த வருஷத்து பில்ட், இது அதற்கு முந்தையது. இரண்டு பில்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, சென்ஸாருக்குப் பதிலாக நானே எண்களைக் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் கேஸ். இரண்டு சைரனும் அடித்தன. இன்னும் கொஞ்சம். அடித்தன. சென்ஸாரின் உச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பழையது தொடர்ந்து அடித்தது. புதியது கப்சிப். திரையில் கேஸ் அளவு பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு நின்றது.

கேஸ் குறைந்ததால் சைரன் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனதால் நின்றிருக்கிறது.

பெட்டி அனுப்புமுன் நாங்கள் டெஸ்ட் செய்வோம். ஒரு சின்ன பாட்டிலில் அமோனியாவை சென்ஸார் அருகே காட்டுவோம், கத்தினால் பச்சை ஸ்டிக்கர். பாட்டிலில் இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

சென்ஸார் சொல்வதைப் படிக்க நாங்கள் ஒரு இலவச லைப்ரரி பயன்படுத்தினோம். வெளியாட்கள் எழுதி எல்லாருக்கும் பொதுவாக வைத்த ரெடிமேட் கோட். அதன் வெர்ஷன் 2.4.1. இரண்டு பில்டையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே லைப்ரரி, அதே 2.4.1. எழுத்து எழுத்தாக ஒன்றுதான். ஆனால் ஃபைல் சைஸ் வேறு.

பில்ட் டூல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'இந்த லைப்ரரி, இந்த வெர்ஷன் வேண்டும்' என்று டூலிடம் எழுதிக் கொடுக்கிறோம். அது முதலில் பில்ட் ஓடும் மெஷினிலேயே உள்ள லோக்கல் ஃபோல்டரில் தேடும். இருந்தால் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் இன்டர்நெட்டில் உள்ள பொதுக் கிடங்கான ரெபாசிட்டரியிலிருந்து இறக்கிக்கொள்ளும். பெயரும் நம்பரும் பொருந்தினால் அதற்குப் போதும். சரியானது கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு 'பில்ட் சக்ஸஸ்' என்று சொல்லும்.

எங்கள் பழைய பில்ட் மெஷின் கீழ்த்தளத்தில் இருந்தது. போன மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து அது செத்துப்போனது. புது மெஷின் வாங்கினோம். கோட் எல்லாம் பத்திரமாக வேறு இடத்தில் இருந்ததால் ஒரு வரிகூடப் போகவில்லை. முதல் தடவையே பில்ட் ஓடிவிட்டது என்று பாஸ்கர் சார் எல்லாருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். நானும்தான் சாப்பிட்டேன்.

4. அந்துவானின் கைவைத்தியம்

பழைய மெஷினோடு போனது யாரோ கைவைத்துத் திருத்திய 2.4.1, புது மெஷின் இறக்கிக்கொண்டது பொது 2.4.1. கைவைத்தது யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான் அந்த ஆபீசில் சேர்வதற்கு முன்னால் இருந்தவர் அந்துவான். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். பிரான்சுக்கே போய்விட்டார். போன் போட்டேன்.

"ஆமா மேடம், நாந்தான் மாத்தினேன்" என்றார் உடனே. "அந்த லைப்ரரியில ஒரு பக் இருக்குது. சென்ஸார் பெரிய நம்பர் அனுப்பினா அதை மைனஸா படிச்சிடும். மைனஸ் வந்தா நம்ம கோட் பூஜ்யம்னு எடுத்துக்கும். அதை எழுதினவங்களுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல. அப்புறம் நானே ஒரு வரிய மாத்தி, அந்த மெஷினோட லோக்கல் ஃபோல்டர்ல போட்டுட்டேன்."

"நம்பரை ஏன் அந்துவான் மாத்தல?"

"பெட்டிக்கு வாங்கின சேஃப்டி சர்டிஃபிகேட் மேடம். அதுல 2.4.1-னு இருக்குது. நம்பர மாத்துனா பெட்டிய திரும்ப டெஸ்டுக்கு அனுப்பணும், மாசக்கணக்குல இழுத்துடும். சார்தான், 'உள்ள மாத்து, வெளிய தெரிய வேணாம்'னாரு. உங்களுக்குத் தெரியாதா நம்ம ஆபீஸ் வழக்கம்?"

தெரியும். இதற்கு எங்கள் ஆபீசில் 'கைவைத்தியம்' என்று செல்லப் பெயரே உண்டு. சர்டிஃபிகேட்டுக்குப் பயந்து நம்பரை அப்படியே விட்டு உள்ளே மட்டும் சரிசெய்வது. இந்த லைப்ரரிக்கும் அப்படி ஒரு வைத்தியம் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் பிரான்சில் இருந்தார். இன்னொருவர் தோசை வாங்கிக் கொடுத்தார்.

பழைய லேப்டாப்பில் தேடி அந்துவான் தன் ஒரு வரித் திருத்தத்தை அனுப்பினார். போனை வைக்குமுன், "அந்த ஆளு பொழச்சிக்குவாரா மேடம்?" என்று கேட்டார். அந்த ஆபீசில் வேலை செய்தவர்களில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

5. போன் செய்தேன்

முதலில் செய்தது பில்ட் அல்ல. புது பெட்டி போன எல்லா பிளான்ட்டுக்கும் நானே போன் செய்தேன். "சைரன் நின்னாலும் உள்ள போகாதீங்க. பெட்டிய நம்பாதீங்க." பாஸ்கர் சாரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

அப்புறம் திருத்திய லைப்ரரிக்குப் புது நம்பர் கொடுத்து பில்ட் செய்தேன். டெஸ்ட் செய்தால் மறுபடியும் கப்சிப். டூல் எதை எடுத்தது என்று பார்க்க, எது எதைக் கேட்டது என்று காட்டும் டிபென்டென்சி ட்ரீ போட்டேன். நாங்கள் பயன்படுத்தும் இன்னொரு பாகமான சென்ஸார் டிரைவர் தன் பங்குக்கு 2.4.1-ஐக் கேட்டிருந்தது. அது முதலில் எழுதப்பட்டிருந்ததால் டூல் அதன் பேச்சைக் கேட்டுவிட்டது. யார் கேட்டாலும் இந்த வெர்ஷனைத்தான் கொடுக்க வேண்டும் என்று மேலேயே எழுதிவைத்து மறுபடி ஓட்டினேன். சைரன் நிற்காமல் அலறியது. அந்தக் கர்ணகடூரச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.

பாஸ்கர் சார் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு எல்லாருக்கும் போன் பண்ண? கம்பெனிய இழுத்து மூடணுமா? சர்வீஸ்னு சொல்லி சத்தமில்லாம மாத்திட்டு வந்திருக்கலாம்ல?"

"ஏழுமலைக்கு என்ன சொல்றது சார்?"

"அவனுக்கு இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது?"

நான் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கையில் வேறு ஆள் இருந்தார். விடிகாலையிலேயே முடிந்துவிட்டது, வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றார் நர்ஸ்.

6. பந்தலில்

அரியாங்குப்பம் தாண்டி ஏழுமலையின் வீடு. தெருவை அடைத்துப் பந்தல், பறைச் சத்தம், பிளாஸ்டிக் நாற்காலிகளில் துறைமுகத்து ஆட்கள். குமாரும் ஒரு மூலையில் நின்றார். நான் சாந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னேன்.

"சைரன் நின்னுச்சு சாந்தி. அவர் சொன்னது நிஜம். தப்பு எங்க பெட்டியில."

சாந்தி என்னையே பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா? இங்க உக்காந்து எல்லாரும் என் வீட்டுக்காரர அவசரக்காரன்னு பேசிகிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு."

பறையை நிறுத்தச் சொன்னார்கள். பில்ட் டூல் எப்படி லைப்ரரியைத் தேடுகிறது என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சாவு வீட்டில், பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

"எங்க பெட்டிக்குள்ள வெளியில இருந்து எடுத்துப் போட்ட ஒரு பாகம் இருக்குது. கேஸ் ரொம்ப ஏறினா, ஒன்னுமில்லன்னு சொல்ற கோளாறு அதுல. எங்க ஆளு ஒருத்தர் அதை சரி பண்ணார். ஆனா பேரையும் நம்பரையும் பழசாவே விட்டுட்டோம். சரி பண்ணது இருந்த கம்ப்யூட்டர் மழைத் தண்ணியில போயிடுச்சு. புது கம்ப்யூட்டர் அதே நம்பரைச் சொல்லிக் கேட்டுச்சு, வெளியில இருந்து கோளாறு உள்ளது வந்துடுச்சு. நம்பர் சரியா இருந்ததால எங்களுக்குத் தெரியல. சைரன் நின்னுச்சு. நின்னா உள்ள வாங்கன்னு நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம். அவர் போனார்."

குமார் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலையின் அண்ணன் வேலு, மில் வேலை போய் பெயின்ட் அடிக்கிறவர், முன்னால் வந்தார்.

"உள்ள மாத்துனீங்க, சரி. நம்பர மாத்துறதுக்கு என்னாம்மா வந்துச்சு ஒங்களுக்கு?"

சர்டிஃபிகேட், ரீ-டெஸ்ட் என்றெல்லாம் வாய் வரை வந்தது.

"சோம்பேறித்தனம்ங்க" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பிறகு இதே விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபேக்டரி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். வேலை போனது. இப்போது காலாப்பட்டில் வேறு கம்பெனியில் இருக்கிறேன்.

அன்று நான் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது சாந்தி பந்தல் முனை வரை வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நேத்து சாயந்தரம் சந்தேகத்த எல்லாம் விட்டுட்டாரு மேடம். 'நின்னிருக்காது சாந்தி, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்'னாரு. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பாடம். லைப்ரரிக்குள் ஒரு எழுத்தை மாற்றினாலும் நம்பரை மாற்றுங்கள். யார் தடுத்தாலும் மாற்றுங்கள். டூல் நம்பரை நம்புகிறது, நாம் டூலை நம்புகிறோம், எங்கோ ஒருவர் நம் பெட்டியை நம்பி உள்ளே போகிறார். நம் பெட்டி பொய் சொன்னது என்று தெரியாததால், தான்தான் தப்புச் செய்துவிட்டதாக நம்பிக்கொண்டே ஒரு நல்ல தொழிலாளி செத்துப்போனார்.