தனிப் பரிசு வேண்டாம்

பாறசாலையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஒரு கேரளப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர். நூலகமும் என் பொறுப்பு. வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளே வோட்டுப் போட்டுப் பிடித்த புத்தகத்துக்குப் பரிசு கொடுப்பார்கள். டீச்சர்களான எங்களுக்கு வோட்டு கிடையாது. போட்டியிலிருக்கும் எல்லாப் புத்தகங்களையும் வாசித்த பிள்ளைக்குத்தான் வோட்டு. போட்டவுடன் விரலில் மை வைப்போம். அந்த மைக்காகவே வாசித்தவர்களும் உண்டு.

சென்ற வருடம் முதல் முறையாக ஒரு தமிழ்ப் புத்தகத்தையும் சேர்த்தேன். மழையில் தொலைந்த ஆட்டைத் தேடிப் போகும் சிறுமியின் கதை. சிக்கல் உடனே வந்தது. எங்களிடம் மலையாளம் மீடியம் பிள்ளைகள்தான் அதிகம். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. வாசிக்காமல் எப்படி வோட்டுப் போடுவார்கள்?

தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார். "தமிழ் புத்தகத்துக்குத் தனியா ஒரு பரிசு குடுத்திரலாம் டீச்சரே. தமிழ் பிள்ளையளும் சந்தோஷப்படட்டு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆறாம் வகுப்பு தமிழ் மீடியம் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். காரோடு கிராமத்திலிருந்து வரும் ஒரு சிறுமி எழுந்தாள். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

"தனியா வேண்டாம் டீச்சரே. ஒத்தைக்கு ஓடி ஜெயிச்சா அது ஜெயிப்பா?"

"பின்ன என்ன செய்ய மக்கா? அவியளுக்கு வாசிக்கத் தெரியாதே."

"கேக்கத் தெரியும்லா? நான் வாசிச்சுக் குடுக்கேன்."

மறுநாள் முதல், மதியச் சோறு முடிந்ததும் நூலக வராந்தாவில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள். கேட்பவர்கள் விழிக்கிற இடத்தில் மலையாளத்துக்கு மாறுவாள். பிறகு தமிழுக்குத் திரும்புவாள். முதலில் தோழிகள் மட்டும் இருந்தார்கள். நாளாக ஆக வராந்தா போதவில்லை. ஒருநாள், ஆடு ஆற்றின் அக்கரையில் நின்று கத்துகிற இடத்தில் மணி அடித்துவிட்டது. யாரும் எழவில்லை.

"ஏ பிள்ளே, ஆடு கெடச்சுதா இல்லியா? அத மட்டும் சொல்லு," என்று பின்னாலிருந்து ஒருவன் கெஞ்சினான்.

"நாளைக்கு வாலே," என்று புத்தகத்தை மூடினாள்.

நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்கு வெந்நீர் குடித்துக் குடித்து வாசித்தாள். கேட்டவர்களுக்கும் வோட்டு உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவரும் வாசலோரம் நின்று கேட்டவர்தான். "கேக்குறதும் வாசிப்புதானாக்கும்," என்றார்.

தமிழ்ப் புத்தகம் ஜெயித்தது. மலையாளம் மீடியம் பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்க புத்தகம் ஜெயிச்சாச்சு மக்கா!"

அவள் சற்றுத் தயங்கினாள். "சந்தோஷம்தான் டீச்சரே. ஆனா எனக்க வோட்டு அதுக்கு இல்ல. அந்த மலையாளத்து யானைக் கதையாக்கும் எனக்குக் கூடுதல் இஷ்டம்."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு பட்டே?"

"ஆரும் வாசிச்சுப் பாக்காம அது தோத்துப் போவக் கூடாதுல்லா."

நன்றாக மார்க் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இது அந்த வகையில் சேராது.

பரிசு வாங்க எழுத்தாளர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். பரிசைக் கொடுக்கப் பிள்ளைகள் அவளைத்தான் மேடைக்குத் தள்ளினார்கள். கொடுத்த கையோடு, "அந்த மழை பாகம் கொஞ்சம் நீளமாக்கும்," என்று அவரிடமே சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முன்வரிசையில் அவளுடைய அம்மாவும், அன்று கடலுக்குப் போகாமல் வந்திருந்த அப்பாவும். அவர்களைவிட எனக்குப் பெருமை குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.