மாமன் போட்ட டிக்

ஐந்தாம் வகுப்பு படிக்கையில் எனக்கும் மாமனுக்கும் ஒரு பந்தயம் இருந்தது. அம்மாவின் தம்பியான அவர் பூவாரில் விடுதிப் படகு ஓட்டுபவர்; வெள்ளைக்காரர்களிடம் பேசவென்று ஓர் இங்கிலீஷ் அகராதி வைத்திருந்தார். ஆளுக்கொரு சொல்லை எடுத்து, அதற்குள்ள அர்த்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நீலப் பென்சிலால் டிக் போடுவோம். அதிக அர்த்தம் உள்ளவருக்குப் பொரித்த மீனில் ஒரு துண்டு கூடுதல். அது பெரும்பாலும் அவர் தட்டுக்கே போனது.

கடைசியாக எனக்கு 'லைட்', அவருக்கு 'ரன்'. விளக்கு, கனமில்லாதது, தீ மூட்டுவது, வெளிர்நிறம் என்று நான் முடித்துவிட்டேன். அவர் ஓடுவது, கடை நடத்துவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் இறங்குவது வரை வந்தபோது, மீன்பிடிக்க ஆள் குறைகிறதென்று கூட்டாளி கூப்பிட்டார்.

"பாக்கி வந்து சொல்லுகேன் மக்கா. ஜெயிச்சது நானாக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மாமனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, பள்ளிவிட்டு வந்து அகராதியைத் திறந்தேன். 'ரன்'னில் ஐந்தாவது டிக் இருந்தது. மறுநாள் ஆறாவது. பக்கம் ஈரமாக இருந்தது. மீன் வாடை அடித்தது. பகலில் வீட்டில் இருப்பது அம்மா மட்டும்தான். மீன் கழுவி அறுப்பதற்கே அவளுக்குப் பொழுது சரியாக இருக்கும். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆகவே வந்துபோவது மாமன்தான். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் நெருங்கியது. ஆன்ம சாந்திக்குப் பூசை சொல்ல வேண்டும் என்றார் அப்பா. "உடம்பு வராம பூசையா? நான் சம்மதிக்க மாட்டேன்," என்றாள் அம்மா. பூசை வைத்துவிட்டால் மாமன் வருவது நின்றுபோகும் என்று பயந்து, நான் அகராதியைக் கொண்டுவந்து காட்டினேன்.

"மாமன் தினமும் வாறாரு அப்பா. ஆனா கள்ளாட்டம் ஆடுறாரு, பாருங்கோ."

டிக்குகள் 'ரன்'னோடு நிற்கவில்லை. வரிக்கு ஒன்றாக அடுத்த சொல்லுக்கும், அதற்கடுத்த சொல்லுக்கும் இறங்கியிருந்தன. அப்பா பக்கத்தைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் அம்மாவின் கைகளைப் பார்த்தார்.

"பூசை இப்பம் வேண்டாம்," என்றார்.

ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். தன் தம்பியின் சொல் எந்த வரியில் முடிகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.