மாமாவின் இருபத்திரண்டு பொம்மைகள்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் அதே வேலை. ரிப்பேர் பார்ப்பதைவிடப் பேசுவதில்தான் அவருக்குப் பெயர். லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் நேரே மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஓடுவார்கள். மாமா முதலில் மூடிய கதவில் வாயை வைத்துப் பேச்சுக் கொடுப்பார். உள்ளே எத்தனை பேர், எல்லோரும் தரையில் உட்காருங்கள், பட்டனை அமுக்காதீர்கள், நான் இங்கேயேதான் நிற்கிறேன் என்று ஆரம்பித்து, அவர்கள் ஊர், வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று போய்விடும். ஒரு முறை ஏழாம் மாடியில் மூன்று மணி நேரம் இப்படி ஓடியது. கதவு திறந்ததும் உள்ளே இருந்த அம்மாள், கதையை முடித்துவிட்டுத் திறந்திருக்கலாம் என்று குறைபட்டுக்கொண்டாராம். அன்றிலிருந்து கம்பெனியில் அவர் பெயர் ‘ஏழாம் மாடி’.

வீட்டிலும் அப்படித்தான். அக்கா சமையலறையில் இருந்தால் கூடத்திலிருந்து பேசுவார். அவள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பேசுவார். இந்த மனுஷன் வாய்க்கு ஒரு சுவிட்ச் வைக்கக் கூடாதா என்று அக்கா என்னிடம் நூறு முறை கேட்டிருக்கிறாள். நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எதற்கும் சுவிட்ச் என்னிடம் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ஐம்பத்து நான்காவது வயதில், ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மூளையில் இரத்தக் கட்டு. கால் பாதி திரும்பி வந்தது. வலது கை கொஞ்சம் வந்தது. பேச்சு வரவே இல்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது: ‘சரி’. பசித்தாலும் சரி என்பார், வயிறு நிறைந்தாலும் சரி என்பார். கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடும்போதும் சரி, சரி, சரி என்று கத்துவார். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஆமாம் என்று ஆட்டுவார், பிறகு தன் தலை செய்ததைப் பார்த்து அவரே விழிப்பார். எழுத்து எல்லாம் அவருக்குக் கோழி கிளறியதுபோல ஆகிவிட்டது. ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை.

பொம்மை வழியைக் கண்டுபிடித்தது அவர் மகள். அவள் இருப்பது வேறு ஊரில். அப்பா நலமா என்று கேட்டு அனுப்பிய செய்திக்கு ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு குழாய்ப் படம் வந்தது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா தண்ணீர் கொடுத்தாள். முழு டம்ளரையும் குடித்துவிட்டு மாமா அழுதாராம். இமோஜி என்ற பெயரெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது, பொம்மைதான். ஆறு மாதத்தில் இருபத்திரண்டு பொம்மைகள் சேர்ந்தன. ஆந்தை என்றால் தூக்கம் வரவில்லை. லிஃப்ட் என்றால் வேலைக்குப் போகணும் என்று அர்த்தம்; அதை வாரத்துக்கு ஒரு முறையாவது அனுப்புவார், யாரும் பதில் போட மாட்டோம். நான் ஸ்க்ரூடிரைவர். அக்கா தீ. இதற்காக அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது கோடு போட்ட மறிப்புப் பலகை. லிஃப்ட் ஓடக் கூடாது என்றால் கதவு முன்னால் அதைத்தான் வைப்பார்கள். தீயும் பலகையும் சேர்ந்து வந்தால், உன் அக்காவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல் என்று பொருள். நாக்கும் தலையும் கைவிட்ட பிறகு, எங்கள் வீட்டில் அவருடைய ‘வேண்டாம்’ அந்த ஒரு பலகையில்தான் இருந்தது. அது வந்துவிட்டால் அக்காகூட மறுபேச்சு பேச மாட்டாள்.

அவர் வேறு எதையும் தொடாததால் அந்த இருபத்திரண்டும் கீபோர்டின் மேல் வரிசைகளிலேயே நின்றுவிட்டன. இடது கைக் கட்டைவிரலால் பார்க்காமலே அமுக்குவார். எந்தப் பொம்மை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று நாங்கள் யாரும் கவனித்ததில்லை. தன் வாயில் நாக்கு எங்கே இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

இனி என் வேலை. போன மழைக்காலத்தில், இந்தப் பழைய பதிப்பு இனி ஓடாது என்று அவர் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. இடமும் நிரம்பியிருந்தது. ஒரு நாள் கொடுங்கள், சுத்தமாக்கித் தருகிறேன் என்று கடைக்கு எடுத்துப் போனேன். வருகிற போனை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் மேலே கை வைப்பேன், பதினெட்டு வருஷப் பழக்கம். கீபோர்டு பழகி வைத்திருக்கும் பழையதை அழிக்கவா என்று போன் கேட்டது. கேட்டதே, அதைச் சொல்ல வேண்டும். நான் வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டே அழி என்று அமுக்கினேன். புதுக் கீபோர்டு போட்டேன், திரைக்குப் புதுக் கண்ணாடி ஒட்டினேன், பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமா வாங்கியதும் பழக்கத்தில் கட்டைவிரலை அமுக்கினார். அக்காவின் போனில் சிவப்புப் பாவாடை கட்டிய ஒருத்தி ஆடிக்கொண்டு வந்தாள். அக்கா சிரித்துவிட்டாள். அடுத்தது உருகி வழிகிற ஒரு மூஞ்சி. அடுத்தது மூன்று கேக்குகள். அதற்குள் மாமாவின் நெற்றி வியர்த்திருந்தது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கம்பெனிக்காரன் அப்டேட் பண்ணும்போது தானாகவே மாற்றிவிட்டான் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்தப் பொம்மைக் கூட்டத்தை முதல் முறையாக முழுதாகப் பார்த்தேன். மூவாயிரத்துக்கு மேல். கடிகாரம் மட்டும் இருபத்து நான்கு, அரை மணிக்கு ஒன்று. ரயிலில் பத்து வகை. ஒரே கட்டைவிரல் ஆறு நிறத்தில். வாயைப் பொத்திய மூஞ்சி, பொத்திய விரல் வழியே எட்டிப் பார்க்கிற மூஞ்சி, கண்ணில் நீர் தேங்கிய மூஞ்சி, நீர் வழிகிற மூஞ்சி. போதாததற்கு இரண்டு பொம்மைகளை ஒட்டி மூன்றாவது செய்து தருகிறதாம். ஒவ்வொரு வருஷமும் யாரோ உட்கார்ந்து யோசித்து இன்னும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். சேர்க்கட்டும், எனக்கென்ன என்றுதான் இதுவரை இருந்தேன். லிஃப்ட் பொம்மைகூட அப்படிப் பின்னால் வந்ததுதான். அது வந்தபோது மாமாவே நாற்காலியைத் தட்டித் தட்டிச் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு மனிதனுக்கு இருபத்திரண்டு போதும். மீதி அத்தனையும் அவருடைய ‘வேண்டாம்’ மேல் வந்து விழுந்த குப்பை.

அக்காவின் போனில் பழைய செய்திகள் இருந்தன. அதைப் பார்த்து இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக அனுப்பி மறுபடி மேலே கொண்டுவந்தேன். வரிசை தெரியவில்லை. பழையதில் ஒரு வரிசைக்கு எட்டு இருந்தன, புதியதில் ஒன்பது. பலகையின் படத்தையே மாற்றி வரைந்திருந்தார்கள். மாமா ஒரு முறை தவறாக அமுக்கினால் அந்தத் தவறும் வந்து வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். நல்லதில் ஒன்று கீழே போகும். மூன்றே நாளில் என் வரிசை கலைந்து சந்தைக்கடை ஆகிவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஓர் அட்டையில் பெரிய டிக்கும் பெரிய பெருக்கல் குறியும் வரைந்து நீட்டினார். மாமா இரண்டையும் தொட்டார். அவர் படத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கை போன இடத்தை வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், மறுபடி பழக மூன்று மாதம் ஆகும் என்றார் அந்தப் பெண்.

மூன்று மாதம் எங்களிடம் இல்லை. அதே வாரம் ஸ்கேன் எடுத்ததில் கழுத்தின் மறுபக்க இரத்தக் குழாயிலும் பெரிய அடைப்பு என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தால் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கலாம். செய்யும்போதே அது வந்துவிடும் ஆபத்தும் உண்டு. நூற்றில் மூன்று பேருக்கு வரும் என்றார் டாக்டர். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. கடைசியாக அக்காவிடம் சொன்னார்:

“அவருக்கு எல்லாம் புரியுதும்மா. இது அவர் உடம்பு. நீங்க முடிவு பண்ணாதீங்க, அவரைக் கேளுங்க.”

ஒரு வாரம் கேட்டோம். நான் தினமும் கடையைப் பாதியில் பூட்டிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போவார். மூஞ்சிகள், மிருகங்கள், பழங்கள், ரயில்கள், கொடிகள். கடைசிவரை போய்விட்டு மறுபடி மேலே வருவார். பலகையைத் தாண்டிப் போகும்போது எனக்குத் தெரியும். விரல் நிற்கவே நிற்காது. இதைத்தான் தேடுறீங்களா மாமா என்று பலகையை நான் தொட்டுக் காட்டினால் சரி என்பார். பச்சை டிக்கைக் காட்டினாலும் சரி என்பார். என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, எதையாவது ஒண்ணை அனுப்புங்களேன் என்று கெஞ்சுவாள்.

குறித்த நாள் பத்து மணிக்கு டாக்டரின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். டாக்டர் மறுபடி எல்லாவற்றையும் நிதானமாக மாமாவுக்கே விளக்கினார். பிறகு, “என்ன சொல்றீங்க? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

மாமா போனை எடுத்தார். தேடினார். பத்து நிமிஷம் இருக்கும். வெளியே நர்ஸ் இரண்டு முறை கதவைத் திறந்து மூடினார். மாமாவின் விரல் வேகமாகிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். டாக்டரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“சரி” என்றார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். “சரின்னு சொல்லிட்டார். நீங்க என்ன நினைக்கிறீங்க, அது அவரோட பதில்தானே?”

அந்த வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது டாக்டர், அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார் என்று அக்கா சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். போன் விஷயம் எல்லாம் இவனுக்குத் தெரியும், இவன் சொல்லட்டும் என்ற பார்வை. தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் ஏன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதோடு, மாமா உயிரோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்தக் காரணம் முதலில் வந்தது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“ஆமா டாக்டர், அவர் சம்மதிக்கிறார்” என்றேன்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நான் போட்டேன்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அந்த மூன்று பேரில் மாமா இல்லை. கழுத்தில் ஒரு தழும்பு, அவ்வளவுதான். டாக்டரே வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். நல்ல வேளை நீ தைரியமாகச் சொன்னாய் என்று அக்கா என் தோளைத் தட்டினாள். அழித்தது நான்தான் என்பதை அவளிடம் அன்றும் சொல்லவில்லை, இதை எழுதும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பயிற்சிப் பெண்ணின் பொறுமையில் மாமா பதினான்கு பொம்மைகள் வரை மறுபடி பழகிவிட்டார். வேண்டாம் என்கிற பலகையும் வந்துவிட்டது. உப்பில்லாத சாப்பாட்டுக்குத் தினமும் இரண்டு முறை அனுப்புகிறார் என்று அக்கா சந்தோஷமாக அலுத்துக்கொள்கிறாள். மகளுக்கு அனுப்புகிறார். கம்பெனி நண்பர்களுக்கு அனுப்புகிறார். எனக்கு மட்டும் அன்றைக்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. நான் அனுப்பினால் பார்த்துவிட்டதற்கான அடையாளம் வரும், பதில் வராது. நேரில் போனால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார், முதுகைத் தடவிக் கொடுக்கிறார். கோபம் என்றும் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கூடத்தில் நாங்கள் இருவர்தான். கேட்டுவிட்டேன்.

“மாமா, அன்னிக்கு டாக்டர் ரூம்ல வேண்டாம்னு சொல்லத்தான் தேடினீங்களா?”

போன் அவர் இடது கைக்குப் பக்கத்தில், நாற்காலியின் கையிலேயே இருந்தது. திரையும் எரிந்துகொண்டிருந்தது. இப்போது அவருக்கு ஆமாம் என்று சொல்லவும் தெரியும், இல்லை என்று சொல்லவும் தெரியும். அவர் போனைப் பார்த்தார். கையை எடுத்து என் முழங்காலில் வைத்தார்.

“சரி” என்றார்.