சவரக்கத்தியும் அவர் காதும்

குளியலறை ஜன்னல் விளிம்பில் இருக்கும் சாணைக்கல்லின் மேல் என் மருமகள் சோப்பு வைக்கிறாள். பொல்லாதவள் இல்லை, வாகாகத் தட்டையாக இருக்கிறது, வைக்கிறாள். நான் தினமும் அந்தச் சோப்பை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, கல்லைக் கழுவித் துடைத்துத் திரும்ப வைக்கிறேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அது என் வீட்டுக்காரருடைய கல். ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர் அவர். காலையில் கல்மண்டபத்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது முகத்தில் ஒரு முடி இருக்காது; மாலையில் கரியும் தூசியும் படிந்து வேறு ஆளாகத் திரும்புவார். "அழுக்காவப் போற மூஞ்சிக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சிங்காரம்?" என்று கேட்பேன். "அழுக்குக்கும் ஒரு மரியாத கீதுமே" என்பார். ஊரே பிளேடுக்கு மாறிய பிறகும், எப்போதோ ஒரு கப்பல் சமையற்காரர் கொடுத்த மடக்குக் கத்தியை அவர் விடவில்லை. ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசைக்குப் போகுமுன் அதைத் தீட்டுவார். அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது. தீட்டுவது கையில் இல்லை, காதில் இருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கு எரிச்சலாக வரும். சட்னி அரைக்கக்கூட இந்த மனிதரிடம் உத்தரவு வாங்க வேண்டுமா என்று பாத்திரங்களை வேண்டுமென்றே நங்கென்று வைப்பேன்.

பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சு மட்டும் குழறலாக மிஞ்சியது. மகன் வாங்கி வந்த பிளாஸ்டிக் ரேசரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடி வளர்ந்தது. சோற்றுப் பருக்கை அதில் ஒட்டிக்கொள்ளும். துடைக்கப் போனால் அவருக்குக் கண் கலங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் கல்லையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். தீட்டியது அவர்தான், அசைந்தது மட்டும் என் கை.

"கத்தி படுத்துகினு போவணும்மே. தூக்காத." கத்தியின் முதுகும் கூர்ப்பக்கமும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கூர்ப்பக்கம் முன்னே போக, கல்லின் மேல்தோலைச் சீவி எடுக்கிற மாதிரி, சற்றே குறுக்காகத் தள்ள வேண்டும். கடைசியில் முதுகின் மேல் புரட்டி, மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். கூரின் மேல் புரட்டினால் போயிற்று. கல் காயக்கூடாது. தெருவில் கண்டெய்னர் லாரி போனால் வீடு அதிரும், உடனே கத்தியைத் தூக்கிவிட வேண்டும். நான் அழுத்தினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். "கோவம் இருந்தா எம்மேல காட்டுமே. கல்லு இன்னா பண்ணுச்சி?" முதலில் கரகரவென்று வரும் சத்தம் போகப்போக இளகி, ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஆகும். எந்தத் தள்ளலில் வேலை முடிகிறது என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "இன்னும்... இன்னும்..." என்றுகொண்டே இருப்பவர், திடீரென்று "போதும்மே" என்பார். நிறுத்துவேன். அப்புறம் தோல்வாரில், இந்த முறை முதுகு முன்னே போக இழுத்துவிட்டு, சோப்பு நுரை பூசிய முகத்தில் வைப்பேன். ஆரம்பத்தில் நிறைய வெட்டினேன். துளிர்க்கும் ரத்தத்தைப் படிகாரத்தால் ஒற்றும்போது, "கொல பண்ணிட்டியேமே" என்று கோணல் வாயால் சிரிப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் மிக நெருக்கமாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், காலைக் காப்பியோடு போய் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டி வந்துவிட்டது. அவருக்குப் போடக் கோட்டு எடுத்து வைத்தாயிற்று. சவரம் செய்ய அழைத்து வந்தவர் புது பிளேடைப் பிரித்தார். நான் வேண்டாம் என்றேன்.

"எம்மா, டைம் ஆவுது. ஃபாதர் வந்துடுவாரு" என்றான் மகன்.

"வரட்டும். உங்க நைனா இந்தக் கத்தி படாத மூஞ்சியோட கோயிலுக்குப் போனவரு இல்ல."

தீட்டத் தொடங்கினேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நாத்தனார்கூட நிறுத்திவிட்டாள். தள்ளினேன், புரட்டினேன், திரும்பத் தள்ளினேன். லாரி போனது, தூக்கினேன், போனபின் வைத்தேன். கல் காய்ந்தது, தண்ணீர் ஊற்றினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். கடைசியில் மகன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

தாடைக்குக் கீழே, நான் எப்போதும் வெட்டுகிற அதே இடத்தில், அன்றைக்கும் வெட்டிவிட்டேன். பழக்கத்தில் படிகாரத்தை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். ரத்தம் வரவில்லை. வெளுத்த தோல் லேசாகப் பிரிந்து அப்படியே இருந்தது. காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அலறினேன்.

இன்று ஞாயிறு. மகனும் மருமகளும் பூசைக்குப் போய்விட்டார்கள். சோப்பை எடுத்து வைத்துவிட்டு, கல்லை நனைத்து, கத்தியைப் படுக்க வைத்தேன். யார் முகத்துக்கு என்று கேட்காதீர்கள். கரகரப்பு மெல்ல இளகியது. கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஃப்ரிட்ஜ் நிற்கிறது. அந்தப் பக்கம் திரும்பி, "போதுமா?" என்று கேட்டேன். தெருவில் லாரி ஒன்று வந்தது. கத்தியைத் தூக்கிக்கொண்டேன். அது போனபின் மறுபடியும் கல்லில் வைத்தேன்.