முகம் தெரியும் தரை

வெள்ளவத்தையில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது இரண்டு அறைகளும் ஒரு குசினியும். சாவியைத் தந்தபோது முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரி ஒன்றைத்தான் வற்புறுத்தினாள்: சிவப்புச் சீமெந்துத் தரையில் எப்போதும் முகம் தெரிய வேண்டும்.

பிறர் சொன்னதைச் செய்து பழகியவள் நான். புதனும் சனியும் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய்ப் பொச்சுமட்டையைக் காலின் கீழ் வைத்து, சுவரைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தேய்ப்பேன். கணவர் காலை ரயிலுக்குப் போனபின் அந்தச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. தேய்த்து முடித்துக் குனிந்து தடவினால் பட்டுச் சேலையைத் தொடுவதுபோல் இருக்கும். அதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. வேறு எதையாவது சரியாகச் செய்கிறேனா என்று தெரியாத காலம் அது.

மகனுக்குப் பதினாறு மாதமாகியும் அவன் நடக்கவில்லை.

வேகமாகத் தவழ்வான். கதிரையைப் பிடித்து எழும்புவான். கையை விட்டதும் கால்கள் இரண்டு பக்கமாக விலக, பொத்தென்று விழுவான். சில வாரங்களில் எழும்பவே பயந்தான். தாய்ப்பாலைச் சீக்கிரமே மறக்கடித்துவிட்டேனோ, வயிற்றில் இருந்தபோது நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லையோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். மத்தியானம் அவன் தூங்கும்போது கம்பளி நூலால் இரண்டு கால்களையும் அளப்பேன். ஒரே அளவுதான். நூலைப் பிடித்தது பிழையோ என்று மறுபடி அளப்பேன்.

கணவரிடம் சொன்னால், "நடப்பான்தானே. நானும் பிந்தித்தான் நடந்தனானாம்" என்று பத்திரிகையைத் திருப்புவார். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி கடிதத்துக்குக் கடிதம் பேரன் நடக்கிறானா என்று கேட்டிருந்தார். நான் அவனுடைய பல்லைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

கடற்காற்றில் பாதம் குளிர்ந்துதான் கால் பலமில்லாமல் போகிறதோ என்று ஒருநாள் தோன்றியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னலுக்குப் பரிசு வாங்கியவள் நான். இரண்டு சோடி கம்பளிக் காலுறை பின்னி, காலையிலிருந்து மாலைவரை போட்டுவிட்டேன். அதன்பின் அவன் தவழும்போதுகூட வழுக்கினான். நோய் கூடுகிறது என்று நினைத்தேன்.

முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் வெள்ளிக்கிழமைகளில் குசினிக்குப் பின்னால் உள்ள குழாயடியில் உட்கார்ந்து மீன் வெட்டித் தருவாள். அப்படியொரு வெள்ளிக்கிழமை மகனையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன தங்கச்சி, துரைக்குக் காலுறை? குளிருக்கு நுவரெலியாவிலயா இருக்கிறீங்க?"

"காத்துப் படக்கூடாது."

"காத்துப் படாமப் பொத்தி வைக்க இவரென்ன கருவாடா?"

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவன் தண்ணீரில் கையை அடித்து இரண்டு காலுறையையும் நனைத்துவிட்டான். கழற்றிப் பிழிந்தேன். குழாயடி பொலிஷ் காணாத கரடுமுரடான சீமெந்து. பிழிந்து நிமிர்ந்தபோது அவன் வாளியைப் பிடித்து நின்றான். பிறகு வாளியை விட்டான். மீன் கூடையை நோக்கி ஒன்று, இரண்டு, மூன்று அடிகள்.

"அட, துரை நடக்கிறாரே! மீன் நாத்தம் பிடிச்சிட்டுது!" என்று அவள் கத்தினாள்.

நான் அவனைத் தூக்கி வந்து, வெறுங்காலோடு அறைத் தரையில் நிறுத்தினேன். கால்கள் விலகின. விழுந்தான். மறுபடி குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நடந்தான். மீன்காரி என்னை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டே செதிலைக் கழுவினாள்.

கணவர் வந்ததும், நான் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை விழுத்தியிருக்கிறேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் சிரித்தார். "அப்ப இனி மினுக்காதையும். வீட்டுக்காரியோட நான் கதைக்கிறன்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு முற்றத்து மணலில் குந்தி, அவர் கையை நீட்டினார். அவன் தள்ளாடிக்கொண்டு போய் அவர் மார்பில் விழுந்தான். இருவரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற எனக்கு அழுகை அடங்கவில்லை.

"இப்ப ஏனப்பா அழுறீர்? அவன் நடக்கிறான்தானே?"

"ஓம்," என்றேன்.